கடல் கொண்ட நாடும் சட்டம் கொண்ட நாடும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதியும் மூடுபனியில் மறைந்து கிடக்கும் சிற்றூர் அது. அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் பாதை செல்கிறது. சமவெளியின் தென் விளிம்பில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. 'உலக முடிவு' என்று அந்த இடத்துக்குப் பெயர். மூடுபனி விலகிய காலை வேளையில் அங்கு நின்று தெற்கே நோக்கினால், தாழ்நிலக் காடுகளுக்கு அப்பால் கடல் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தென்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது தோட்டப் பாடசாலை மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், பதின்மூன்று வயதிருக்கும், அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள்: "சேர், நம்ம நாடு அந்தக் கடலுக்கு அடியிலதானே இருக்கு?"

குமரிக்கண்டத்தைத்தான் அவள் சொன்னாள். யாரோ ஒரு மேடைப் பேச்சில் கேட்டிருக்கிறாள். அல்லது யாரோ ஓர் ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் நானாகவே இருந்திருக்கவும் கூடும். ஏனெனில், கல்லூரி நாட்களில் கடல்கொண்ட தென்னாட்டின் பெருமையை உணர்ச்சி பொங்கப் பேசியவர்களுள் நானும் ஒருவன். அன்று அவளுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியாமலல்ல, 'இருக்கிறது' என்றாலும் 'இல்லை' என்றாலும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றை நான் பறித்துவிடுவேன் என்று தோன்றியது. அந்தத் தயக்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூல்கள் கூறுவதைக் காண்போம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, பஃறுளியாற்றையும் பல மலைத்தொடர்களையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. கலித்தொகையின் முல்லைப் பாட்டொன்று, தன் நிலத்தைக் கடல் கவர்ந்தபின் சோரந்துவிடாத பாண்டியன், சோழனிடமும் சேரனிடமும் நிலம் வென்று ஈடு செய்துகொண்டதைப் புகழ்கிறது. இறையனார் அகப்பொருளுக்கு எழுந்த உரையில் இச்செய்தி மேலும் விரிகிறது. தலைச்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகள், கடைச்சங்கம் 1,850 ஆண்டுகள் நிலவின என்றும், முதலிரண்டும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்றும் அவ்வுரை கூறும். பின்வந்த அடியார்க்குநல்லாரோ, பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவத நிலப்பரப்பையும், அதனுள் ஏழேழாக வகுக்கப்பட்ட 49 நாடுகளையும் காட்டுகிறார்.

இவற்றை வரிசையாக வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். காலத்தால் பின்னே வர வர, மூழ்கிய நிலம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஓர் ஆறும் ஒரு மலையும் என்று தொடங்கியது, 49 நாடுகளாக முடிகிறது. எண்களையும் கவனியுங்கள்: 4,440, 3,700, 1,850 ஆகிய மூன்றும் 37 என்னும் எண்ணின் மடங்குகள். ஏழேழு நாற்பத்தொன்பது என்பதும் அத்தகையதே. இவை ஆண்டுக் குறிப்பேட்டிலிருந்து எடுத்த எண்களல்ல. ஒழுங்கை விரும்பிய புலவர் மனம் அமைத்துக்கொண்டவை. மேலும், மூழ்கிப்போன ஒரு கண்டத்தைப் பற்றி இந்நூல்கள் எதுவும் பேசவில்லை. 'குமரிகண்டம்' என்ற பெயர் கந்தபுராணத்தில் வருவது உண்மை. ஆனால் அங்கு அது பரத நாட்டின் ஒன்பது கூறுகளுள் ஒன்று. பரதனின் மகள் குமரியின் பெயரால் அமைந்தது. அந்தக் கண்டம் மூழ்கவில்லை.

அப்படியாயின், மூழ்கிய கண்டம் எங்கிருந்து வந்தது? அது இலண்டனிலிருந்து வந்தது.

1864 ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர், மடகாஸ்கார்த் தீவின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'லெமூர்' என்னும் குரங்கினத்தை ஒத்த விலங்குகள் மடகாஸ்காரில் மிகுதியாகவும் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் சிறிதளவாகவும் காணப்படுவதேன் என்பது அவர் எதிர்கொண்ட வினா. இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்து மறைந்திருக்கவேண்டும் என ஊகித்து, அதற்கு 'லெமூரியா' எனப் பெயரிட்டார். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ற் ஹெக்கல், மனிதகுலத்தின் தொட்டிலே அதுவாக இருக்கலாம் என்றார். பிறகு 1888 இல் பிளவாற்ஸ்கி அம்மையாரின் 'இரகசியக் கோட்பாடு' வெளிவந்தபோது, லெமூரியா விலங்கியலை விட்டு ஞானக்கதைகளின் உலகுக்குக் குடிபெயர்ந்தது.

தமிழறிஞர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. பரிதிமாற் கலைஞர் 1903 இல் எழுதிய தமிழ்மொழி வரலாற்றிலேயே குமரிநாடு இடம்பெறுகிறது. 1940 களில் கா. அப்பாத்துரையாரின் நூல் அதைப் பள்ளி மாணவர்வரை கொண்டுசேர்த்தது. வெள்ளையராட்சி ஒருபுறம், வடமொழியே அனைத்துக்கும் மூலம் என்ற செருக்கு மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையில் நசுங்கிய ஒரு மக்கள் கூட்டம், 'எமக்கும் தொன்மை உண்டு' என்று சொல்ல ஏங்கியது. அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. தன்மானத்துக்கு வேறு வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தபோது, மக்கள் கிடைத்த வாயிலில் நுழைந்தனர்.

ஆயினும், விஞ்ஞானம் தன் வழியே நடந்தது. கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்று 1912 இல் அல்பிரட் வெகனர் கூறினார். 1960 களில் புவித்தட்டுக் கோட்பாடு அதை உறுதிசெய்தபோது லெமூரியாவுக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. மடகாஸ்காரும் இந்தியாவும் இலங்கையும் கொண்டுவானாப் பெருநிலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை. மொரீசியசு தீவின் அடியில் பழங்கண்டத் துண்டொன்று புதைந்து கிடப்பதற்கு அண்மைக் காலத்தில் சான்றுகள் கிடைத்துள்ளன. ஆனால் அவையெல்லாம் பலகோடி ஆண்டுகளுக்கு முந்திய கதை. அப்போது சங்கம் மட்டுமல்ல, மனிதனே இல்லை. அந்தப் பெண் சுட்டிக்காட்டிய தென்கடலோ, கரையைவிட்டுச் சற்றே விலகியதும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. அங்கே மூழ்கிய நாடு எதுவும் இல்லை.

அப்படியானால் கடல்கோள் முழுவதும் கட்டுக்கதையா? அப்படிச் சொல்வதும் அவசரம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாறையாக உறைந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றிருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேற்படாது. எனவே அன்று தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையில் கடல் இல்லை. அகன்ற சமவெளி இருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமவெளி முழுவதும் நீருக்குள் சென்றது. இலங்கைக் குகைகளில் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்ததற்குச் சான்றுகள் உள்ளன. ஆகவே அந்நிலத்தில் மனிதர் நடந்திருக்கிறார்கள், வேட்டையாடியிருக்கிறார்கள், நீர் தம் குடியிருப்பை நெருங்குவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பின்வாங்கியிருக்கிறார்கள்.

அதன் நினைவுதான் பஃறுளியாக வந்ததா என்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. அதைவிட அண்மையில் நிகழ்ந்த சிறிய கடல்கோள்களே போதிய காரணமாக இருக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துக் கரையைக் கடல் அரித்தது. பாண்டியரின் கொற்கைத் துறையில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. ஆற்று வண்டல் படிந்து கடல் விலகிப்போக, பழைய துறைமுகம் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கரை ஓரிடத்தில் கரையும், ஓரிடத்தில் வளரும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நம் கண்ணெதிரே நடந்ததைக் கண்டவர்க்கு, ஓர் ஊரைக் கடல் கொள்ள ஒரு நாழிகை போதும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அதற்கு முன் 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் புகையிரதம் ஒன்றையே அலை கொண்டுபோயிற்று. இத்தகைய இழப்புகள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சேர்ந்து, ஒரு பெரும் இழப்பின் கதையாகத் திரண்டிருக்கக் கூடும்.

இழப்பின் நினைவு மெய். பேரரசின் கதை பொய். இந்த முடிவுக்கு வந்தபின்பே நம் முன் உண்மையான கேள்வி எழுகிறது. அது பூகோளக் கேள்வியன்று, அறக் கேள்வி: வறியவர்களின் பிள்ளைகளிடம் இந்தப் பொய்யை மறுத்துரைக்கவேண்டுமா?

என் உடன் ஆசிரியரொருவர் கேட்டார்: "லயன் அறையில் பிறந்து லயன் அறையில் வளரும் பிள்ளை அது. சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் மண் கிடையாது. ஊரார் 'தோட்டக்காட்டான்' என்று இகழ்கிறார்கள். அந்தப் பிள்ளை, தன் முன்னோர் உலகாண்டார்கள் என்று நினைத்து நிமிர்ந்து நடந்தால் உமக்கென்ன நட்டம்? இருக்கிற ஒரு கதையையும் பறித்துவிட்டு என்ன கொடுக்கப்போகிறீர்?"

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. நெடுநாள் எனக்கும் இதுவே சரியெனப் பட்டது. ஆனால் மலைநாட்டில் நின்று இதைச் சிந்திக்கும்போது, அது நம் காலடி மண்ணையே பறிப்பதை உணர்கிறேன்.

குமரிக்கண்டக் கதையின் உயிர்நாடி எது? 'நாமே முதலில் வந்தோம். ஆகவே நாமே உரியவர்' என்பது. பழமையே உரிமைக்கு மூலம் என்பது. இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால், 1823 முதலாகக் கோப்பிக் காட்டுக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுவரப்பட்ட மக்களின் நிலை என்ன? அந்த அளவுகோலின்படி அவர்களே கடைசியாக வந்தவர்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இதே அளவுகோலைத்தானே கையிலெடுத்தது? தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இம்மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயன்களில் பிறந்தவர்களிடம் அத்தாட்சி கேட்டது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர், மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று மனிதரைப் பங்கிட்டது. தொழிலாளியின் கருத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டாயிற்று.

'நீ எப்போது வந்தாய்?' என்ற வினாவே எம் மக்களை வீழ்த்திய ஆயுதம். அந்த ஆயுதத்தைத் தங்க உறையிலிட்டு எம் பிள்ளைகளின் கையில் கொடுப்பது எங்ஙனம் நன்மையாகும்? பத்தாயிரம் ஆண்டுப் பெருமை பேசுவோன், இருநூறாண்டு உழைப்பைத் தன் வாயாலேயே சிறுமைப்படுத்திவிடுகிறான்.

நம் அயலவரான சிங்கள மக்களிடையேயும் இத்தகைய கதைகள் உள. இராவணனின் பெருநகரைக் கடல் கொண்டதாக அவர்களின் இராஜாவலிய கூறும். இன்று அங்கும் இராவணப் பெருமை பேசுவோர் பெருகியுள்ளனர். 2019 இல் விண்ணுக்கு அனுப்பிய சிறு செயற்கைக்கோளுக்கும் 'இராவணா' என்றே பெயர். ஆக, ஒரே கடலின் அடியில் இரு சாராரும் தத்தம் பேரரசைத் தேடுகிறோம். மேலே, அதே மலையில், இரு சாராரின் ஏழைகளும் ஒரே விலைக்கு அரிசி வாங்குகிறார்கள். எனினும் மகாவம்சத்தில் வேறொரு கடல்கோள் கதை உண்டு. களனி திஸ்ஸன் என்னும் அரசன் குற்றமற்ற துறவியொருவரைக் கொன்றான். அதனால் கடல் பொங்கி நிலத்தை விழுங்கியது என்பது அக்கதை. அதில் பேரரசுப் பெருமிதம் இல்லை. ஆள்பவனின் அநீதிக்கு மக்கள் விலை கொடுக்கிறார்கள் என்ற அறிவு இருக்கிறது. கடல்கோள் கதைகளுள் நான் மாணவர்க்குச் சொல்ல விரும்புவது இதையே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தலைச்சங்கத்தைக் காத்த அரசர் 89 பேர் என்று இறையனார் உரை எண்ணிச் சொல்கிறது. புலவர்களையும் எண்ணுகிறது. உழவரை எண்ணவில்லை. அந்த நாட்டில் நெல் விளைத்தவர் எவர், கபாடபுரத்துக்குக் கல் சுமந்தவர் எவர் என்று கதை கேட்பதே இல்லை. வரலாறோ கேட்கிறது. வைகைக் கரையில் கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட வாழ்வின் தடயங்கள் கிடைத்துள்ளன. நூல் நூற்ற தக்கிளிக் குண்டுகள், உறைகிணறுகள், விளையாட்டுக் காய்கள், சாதாரண மனிதர் தம் பெயரைக் கீறிவைத்த பானை ஓடுகள். இதுவரை வெளிப்பட்டவற்றுள் நம்மை ஈர்ப்பது அரசனின் அரண்மனையன்று, கைத்தொழிலாளரின் கைத்தடம். பெருமை கொள்ள வேண்டுமாயின் இதில் கொள்ளலாம். எவரையும் தாழ்த்தாத பெருமை இது.

கடலைக் குற்றவாளியாக்கும் கதையில் ஆள்வோர்க்கு ஒரு வசதியும் உண்டு. கடலிடம் எவரும் நட்டஈடு கேட்க முடியாது. கடல்மீது வழக்குத் தொடுக்கவியலாது. ஆகவே கடல் கொண்ட நாட்டுக்காக அழுவோரைக் கண்டு எந்த அரசும் எந்த முதலாளியும் அஞ்சுவதில்லை. ஆனால் எம் மக்கள் இழந்தவற்றுள் பெரும்பகுதியைக் கடல் கொள்ளவில்லை. அவற்றைக் கொண்டவர்க்குப் பெயரும் முகவரியும் உண்டு; கொண்ட முறைக்குச் சட்ட இலக்கமும் உண்டு.

மஸ்கெலியாவுக்குச் சென்று பாருங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969 இல் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. மூன்று மதத்தாரும் அருகருகே வாழ்ந்த ஊர் அது. மின்சாரத்துக்காக மூழ்கியது, அம்மின்சாரம் பல லயன்களுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. மூழ்கிய நகரம் காணவேண்டுமென்றால், எம் மலையிலேயே, வயது முதிர்ந்தோர் தெருத் தெருவாக நினைவுகூரக்கூடிய நகரம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காப்பியம் பாடியவர் எவர்?

மேலும் ஒன்று. ஸ்கிளேற்றர் லெமூரியாவுக்குப் பெயர் சூட்டிய அதே 1864 ஆம் ஆண்டில், தோட்டங்களுக்கென ஆட்களை ஏற்றிவந்த 'ஆதிலட்சுமி' என்னும் கப்பல் கடலில் மூழ்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதாக மலையக வரலாறு நினைவுகூர்கிறது. கரையேறியோர் மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தவர்க்குக் கல்லறை இல்லை. நம்மவர் கடலடியில் தேடும் மாய நாட்டுக்கு ஒரு பெயர் கிடைத்த ஆண்டிலேயே, மெய்யான கடல் மெய்யான தமிழரைப் பெயரின்றி விழுங்கியிருக்கிறது. முன்னதற்கு நம்மிடம் நூல்கள் பல. பின்னதற்கு? புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' என்றும் கதை எழுதினார், தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் 'துன்பக்கேணி'யும் எழுதினார். இவ்விரண்டில் நாம் எதற்குக் கடமைப்பட்டவர் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இந்தக் கடனை உணர்ந்தோர் இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 2023 இல், இருநூறாண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நெடும்பயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியே பேரப்பிள்ளைகள் நடந்தனர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். அவர்கள் தங்களை எவரினும் மூத்தோர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உழைத்தோம், ஆகவே உரியோம் என்றார்கள். காணியும் வீடும் நியாயமான கூலியும் கேட்டார்கள். அதைவிட உறுதியான தொன்மைச் சான்று எமக்கு வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர்களே, பொய்யைப் பறித்துவிட்டுப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதில் என் உடன் ஆசிரியர் சொன்னது சரி. ஆகவே, ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து திரும்பிய அடுத்த வாரம், பனிக்காலத்துக் கடலையும் பாக்கு நீரிணையையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். இரு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு சமவெளி இருந்ததும் அது மூழ்கியதும் மாணவர்க்கு வியப்பாக இருந்தது. பிறகு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் குடும்பம் இழந்த ஏதேனும் ஓர் இடத்தைப் பற்றி, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவாருங்கள் என்றேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் ஒரு பழைய நிழற்படத்தையும் இரண்டு பக்கக் கட்டுரையையும் கொண்டுவந்தாள். அவள் பாட்டியும் பாட்டியின் தங்கையும் ஒரே லயனில் பிறந்தவர்கள். உடன்படிக்கையின்படி தங்கைக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, அக்காளுக்கு வரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய தங்கை, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மீண்டும் கொழுந்து பறித்து, அங்கேயே இறந்துபோனாள். அக்காளும் தங்கையும் பிறகு சந்திக்கவே இல்லை.

கட்டுரையின் தலைப்பாக அந்தப் பெண் முதலில் 'கடல் கொண்ட நாடு' என்று எழுதியிருந்தாள். பிறகு 'கடல்' என்ற சொல்லை அடித்திருந்தாள். அதற்குப் பதிலாக என்ன சொல்லை எழுதுவது என்று என்னைக் கேட்டாள். வகுப்பு முழுவதும் சேர்ந்து அதை விவாதித்தோம். அன்றைய சரித்திர பாடம் அதுவாகவே அமைந்தது.